மீதி எங்கே இருந்தது: முன்கட்டணத் தொலைபேசி அட்டை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முன்கூட்டிப் பணம் கட்டிப் பேசும் தொலைபேசி அட்டை 1970களின் நடுவில் இத்தாலியில் தோன்றியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அது ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா என்று பரவி, கைபேசியும் இணையவழி அழைப்பும் பெருகியபோது மெல்ல ஒதுங்கியது. சேகரிப்பாளர்கள் எழுதிவைத்துள்ள வரலாறுகளில் அட்டையின் முகப்புப் படங்களுக்கே முதலிடம். பொறியாளர்கள் எழுதியவற்றில் காந்தம், ஒளியியல், சில்லு என்ற தொழில்நுட்ப வரிசைக்கே முதலிடம். இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி இவ்விரண்டு வரலாறுகளிலும் ஓரமாக நிற்பது. வாங்கியவர் கட்டிய பணத்தில் செலவழியாத மீதி எங்கே பதிவாகியிருந்தது, அந்தப் பதிவை யாரால் பார்க்க முடிந்தது, யாரால் மாற்ற முடிந்தது?

தொடக்கத்தில் மீதி அட்டையிலேயே இருந்தது. 1980களின் நடுவில் உருவாகி 1990களில் சந்தையைப் பிடித்த இரண்டாவது வகையில், அட்டை வெறும் எண் அச்சிட்ட தாளாகிவிட்டது. மீதி நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்டது. முதல் வகையில் நடந்த மோசடிகளில் பெரும்பாலும் ஏமாந்தவை தொலைபேசி நிறுவனங்கள். இரண்டாவது வகையில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் அட்டையை வாங்கியவர்கள். இந்தத் திருப்பம் மனிதர்களின் நேர்மை கூடியதாலோ குறைந்ததாலோ வந்ததன்று. பதிவேடு கைமாறியதால் வந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

நாணயத் தட்டுப்பாடும் நாணயப் பெட்டியும்

1970களின் நடுவில் இத்தாலியில் சில்லறை நாணயங்களுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. கடைக்காரர்கள் மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்தனர். 1975 இறுதியிலிருந்து வங்கிகள் சிறு தொகைக்கான காசோலைகளை அச்சிட்டு வெளியிட்டன. அவை ஏறக்குறைய பணத்தாள் போலவே கைமாறின. பொதுத் தொலைபேசிக்கென வார்க்கப்பட்ட, முகத்தில் பள்ளக்கோடு வெட்டிய ஜெத்தோனே என்ற உலோக வில்லைகளும் ஐம்பது லிரா மதிப்பில் கடைகளில் சில்லறையாகப் புழங்கின. தொலைபேசியில் போடவேண்டிய வில்லை காய்கறிக் கடையில் சுற்றிக்கொண்டிருந்தால் தொலைபேசிக்கு வில்லை கிடைக்காது என்பது சொல்லாமலே விளங்கும்.

நாணயத் தொலைபேசியை நடத்துபவருக்கு இதைவிடப் பழைய தொல்லைகளும் இருந்தன. தெருவோரத்தில் ஆளில்லாமல் நிற்கும் ஒரு கூண்டில் பணம் நிறைந்த பெட்டியை வைத்திருப்பதென்பது உடைத்துத் திருட விடுக்கும் அழைப்பேயாகும். உடைப்பவர் எடுத்துச்செல்லும் சில்லறையைவிட அவர் சிதைத்துவிட்டுப் போகும் கருவியின் விலை பன்மடங்கு அதிகம். பெட்டிகளை முறையாகக் காலிசெய்யவும் எண்ணவும் ஆட்களும் வண்டிகளும் தேவைப்பட்டன. வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ பேசுபவர் கைநிறைய நாணயங்களோடு நின்று, பேச்சின் நடுவே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில் சிடா என்ற இத்தாலிய நிறுவனம் காந்தப் பட்டையுள்ள அட்டையை உருவாக்க, நாட்டின் தொலைபேசி நிறுவனமான சிப் 1976இல் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அட்டையைக் கருவிக்குள் செலுத்தினால் பட்டையில் பதிந்துள்ள தொகையை அது படிக்கும். பேசி முடித்ததும் குறைந்த தொகையைத் திரும்ப எழுதி அட்டையை வெளியே தள்ளும். கருவிக்கும் மத்தியக் கணினிக்கும் இடையே எந்த உரையாடலும் தேவைப்படவில்லை. அன்றைய தொலைபேசி வலையமைப்பில் அத்தகைய உரையாடலுக்கு வழியும் இல்லை என்பதால், மீதியை அட்டையிலேயே சுமக்கவைப்பது ஒரு தேர்வு என்பதைவிட ஒரு கட்டாயம் என்றே கொள்ளவேண்டும்.

நிறுவனத்துக்குக் கிடைத்த இன்னொரு நன்மையைப் பற்றி அக்கால விளம்பரங்கள் பேசியதில்லை. நாணயம் பேசும்போதுதான் வந்துசேரும். அட்டையின் விலையோ பேசுவதற்கு வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். தொலைந்த அட்டை, மேசை இழுப்பறையில் மறந்த அட்டை, இரண்டு அலகு மட்டும் மிஞ்சி வீசப்பட்ட அட்டை ஆகிய அனைத்தும் சேவை எதுவும் வழங்காமலே ஈட்டிய வருமானம். இந்த வருமானத்தின் சுவை பிற்காலத்தில் முற்றிலும் வேறு மாதிரியான வணிகத்தை வளர்த்தது.

கண்ணுக்குத் தெரிந்த மீதி

காந்தப் பட்டையில் எழுதியதை இன்னொருவர் காந்தத் தலை கொண்டு மாற்றி எழுதிவிடலாம் என்பது தொடக்கத்திலிருந்தே தெரிந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் ட்ஸூக் நகரைச் சேர்ந்த லாண்டிஸ் அண்ட் கீர் நிறுவனம் இதற்கு வேறு வழி கண்டது. மின்மானிகள் செய்துவந்த அந்த நிறுவனம், அட்டைக்குள் ஒளியியல் முறையில் பொறிக்கப்பட்ட ஒரு தடத்தை வைத்தது. கருவி அகச்சிவப்புக் கதிரால் அந்தத் தடத்தைப் படித்து, செலவாகும் ஒவ்வொரு அலகையும் வெப்பத்தால் அழித்தது. அழிந்த அலகு மீண்டும் உயிர்பெறாது. 1977இல் பெல்ஜியத்தில் இவ்வகை அட்டை அறிமுகமாயிற்று. 1981இல் பிரிட்டிஷ் டெலிகாம் இதே தொழில்நுட்பத்தில் பச்சை நிற அட்டைகளை வெளியிட்டது. எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பதை அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தே ஓரளவு அறிய முடிந்தது.

பிரான்சு மூன்றாவது வழியில் சென்றது. ரோலான் மொரேனோ 1974இல் நினைவகச் சில்லு பொருத்திய சாதனத்துக்குக் காப்புரிமை கோரினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1980களின் நடுவில், தெலேகார்த் என்ற பெயரில் அது பொதுத் தொலைபேசிகளுக்கு வந்தது. ஐம்பது அலகு, நூற்றிருபது அலகு என இரண்டு மதிப்புகளில் விற்ற அந்த அட்டைகளின் முதல் தலைமுறையில் 256 பிட் நினைவகமே இருந்தது. ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பிட், செலவானதும் அது ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மாறும், திரும்பாது. வங்கி அட்டைக்குப் பயன்படும் அளவுக்கு அறிவுள்ள சில்லு அது அன்று. ஆயினும் கோடிக்கணக்கில் உற்பத்தி செய்யவேண்டியிருந்ததால், பின்னாளில் வங்கியும் கைபேசியும் பயன்படுத்திய சில்லு அட்டைத் தொழில் ஐரோப்பாவில் வேரூன்ற இந்தத் தொலைபேசி அட்டையே பெரும் காரணமாயிற்று.

இந்த எளிய சில்லுக்கும் ஓட்டை இருந்தது. அட்டையின் தொடுபுள்ளிகளுக்குக் கருவி அனுப்பும் சைகைகளை அறிந்தவர், தீராத அட்டை போலவே பதில் சொல்லும் ஒரு சிறு மின்சுற்றைச் செய்து கருவிக்குள் செருகிவிடலாம். 1990களில் வந்த இரண்டாம் தலைமுறைச் சில்லுகள் இதை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. கருவி ஒரு தற்போக்கு எண்ணை அனுப்பும். அட்டை தனக்குள் மறைத்துவைத்த இரகசியச் சாவி எண்ணைக்கொண்டு கணக்கிட்டுச் சரியான விடை சொன்னால்தான் அது உண்மையானது என்று கருவி ஏற்கும். அலகுகளும் பிட்டுக்கு ஒன்றாக இல்லாமல், மணிச்சட்டம் போல் ஐந்து படிநிலைகளில் எண்ணப்பட்டன. அதனால் அதே அளவு நினைவகத்தில் பல்லாயிரம் அலகுகளை வைக்க முடிந்தது.

ஜப்பானின் துளையிட்ட அட்டை

முதல் வகை அட்டையின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்ட நாடு ஜப்பான் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அப்போது அரசுத் தொலைபேசி நிறுவனமாக இருந்து 1985இல் தனியார்மயமான என்டிடி, 1982 டிசம்பரில் டோக்கியோவில் காந்த அட்டைத் தொலைபேசியை நிறுவியது. அட்டை தாளைவிடச் சற்றே தடித்த நெகிழ்வான பிளாஸ்டிக். பின்புறம் முழுவதும் காந்தப் பூச்சு. மீதி காந்தத்தில் பதிவாகியிருந்தாலும், குறிப்பிட்ட அளவு செலவானதும் கருவி அட்டையின் ஓரத்தில் சிறு துளையொன்றை இட்டது. துளையின் இடத்தைப் பார்த்து எஞ்சியிருப்பது ஏறத்தாழ எவ்வளவு என்று பயனர் அறிந்துகொண்டார். முகப்பு வெறுமையாக இருந்ததால் நிறுவனங்கள் தங்கள் பெயரை அச்சிட்டு அன்பளிப்பாகக் கொடுத்தன. திரை நட்சத்திரங்களின் படங்கள், திருமண நினைவுப் படங்கள், தொடர்வண்டிப் படங்கள் என்று அட்டை ஒரு அச்சு ஊடகமாகவே வளர்ந்தது.

இங்கே கருவி நம்பியது துளையையன்று, காந்தத்தை. தீர்ந்த அட்டையின் துளையை அடைத்துக் காந்தப் பதிவை முழு மதிப்புக்கு மாற்றி எழுதினால் கருவி அதை ஏற்றுக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் இவ்வாறு திருத்திய அட்டைகள் பெருநகரத் தெருக்களில் வெளிப்படையாகவே விற்கப்பட்டன. வெளிநாட்டுக்கு நீண்ட நேரம் பேசவேண்டியிருந்த தொழிலாளர்கள் அவற்றை வாங்கினர். ஒரு திருத்தத்துக்கு ஆகும் உழைப்பு அட்டையின் மதிப்பு எதுவானாலும் ஒன்றே என்பதால் மோசடிக்காரர்கள் உயர் மதிப்பு அட்டைகளையே தேடினர். என்டிடி மூவாயிரம், ஐயாயிரம் யென் அட்டைகளின் விற்பனையையே நிறுத்த நேர்ந்தது.

சட்டத்துக்கு இது புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. பணமதிப்புள்ள உரிமையைத் தாங்கும் ஆவணமான மதிப்புறு பத்திரத்தைத் திருத்துவது ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தில் கடும் குற்றம். ஆனால் பத்திரம் என்றால் மனிதர் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து இருக்க வேண்டும் என்பது மரபான புரிதல். தொலைபேசி அட்டையில் திருத்தப்பட்டதோ கண்ணுக்குத் தெரியாத காந்தப் பதிவு. கீழமை நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்பளித்தன. 1991 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: அட்டையின் காந்தப் பதிவையும், முகப்பில் அச்சாகியுள்ள வாசகங்களையும் புறத் தோற்றத்தையும் ஒன்றாக எடுத்துப் பார்க்கும்போது, தொலைபேசிச் சேவை பெறும் உரிமை அட்டையில் வெளிப்படுகிறது, அந்த உரிமையை அட்டையைக் கருவியில் செருகியே பயன்படுத்த முடிகிறது, ஆகவே அட்டை ஒரு மதிப்புறு பத்திரம், பதிவைத் திருத்துவது பத்திரத்தைத் திருத்துவதே.

இத்தீர்ப்பைச் சட்ட அறிஞர்களில் ஒரு சாரார் வலிந்து பொருள்கொண்டதாகக் கருதினர். அவர்கள் கருத்தில் நியாயம் இருந்தது, ஏனெனில் முகப்பில் எதுவும் அச்சிடாத வெள்ளைப் பிளாஸ்டிக்கில் காந்தப் பதிவை மட்டும் எழுதினால் அதே வாதம் நிற்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2001இல் தண்டனைச் சட்டத்தில் கட்டண அட்டைகளின் மின்காந்தப் பதிவு குறித்த தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. எனினும் இந்த ஆய்வின் நோக்கில் 1991 தீர்ப்பின் சாரம் முக்கியமானது: பணம் கட்டியவரின் உரிமை அவர் கையிலிருக்கும் பொருளிலேயே குடியிருக்கிறது என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

என்டிடி 1999இல் சில்லு அட்டைத் தொலைபேசியைக் கொண்டுவந்தது. அதற்குள் கைபேசி பரவிவிட்டிருந்தது. புதிய முறை காலூன்றவே இல்லை. 2006இல் அதைக் கைவிட்டுப் பழைய காந்த அட்டையோடு தொடர்ந்தார்கள். பாதுகாப்பு மிகுந்த தொழில்நுட்பம் தோற்று, பாதுகாப்புக் குறைந்தது பிழைத்த அரிய நேர்வு இது.

அட்டையே தேவையற்ற அட்டை

இஸ்ரேலைச் சேர்ந்த ஏரோடெல் நிறுவனத்தின் காப்புரிமை 1985 ஜனவரியை முன்னுரிமைத் தேதியாகக் கொண்டது. அதில் சொல்லப்பட்ட ஏற்பாட்டில் அட்டைக்கு வேலையே இல்லை. பயனர் முன்கூட்டிப் பணம் கட்டி ஒரு இரகசிய எண்ணைப் பெறுகிறார். அந்த எண்ணின் பெயரில் ஒரு சிறப்பு இணைப்பகத்தின் நினைவகத்தில் தொகை வரவு வைக்கப்படுகிறது. அவர் எந்தத் தொலைபேசியிலிருந்தும் அந்த இணைப்பகத்தை அழைத்துத் தன் எண்ணையும், பேசவேண்டியவரின் எண்ணையும் அழுத்துகிறார். இணைப்பகம் இரகசிய எண்ணைச் சரிபார்த்து, ஓர் அழைப்புக்குரிய குறைந்தபட்சத் தொகையாவது மீதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இணைப்பை வழங்கி, பணம் தீர்ந்ததும் துண்டிக்கிறது.

இது வெறும் வணிக முறையா, உண்மையான கண்டுபிடிப்பா என்ற கேள்வி இருபது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. டெல்கோ நிறுவனம் தன் உரிமையை மீறியதாக ஏரோடெல் வழக்குத் தொடுக்க, வணிக முறைக்கும் கணினி நிரலுக்கும் காப்புரிமை இல்லை என்ற சட்டப் பிரிவைக் காட்டி டெல்கோ எதிர்த்தது. கீழமை நீதிமன்றத்தில் டெல்கோவே வென்றது. 2006 அக்டோபர் 27 அன்று நீதியரசர் ஜேக்கப் எழுதிய தீர்ப்பு அதை மாற்றியது. வழக்கமான கணினியைக்கொண்டே சிறப்பு இணைப்பகத்தை அமைக்கலாம் என்றாலும், அதை வலையமைப்போடு இணைத்த ஒட்டுமொத்த அமைப்பு புதிய வன்பொருள் சேர்க்கை என்றும், எனவே அது வெறும் வணிக முறைக்குள் அடங்காது என்றும் நீதிமன்றம் கூறியது. கோரிக்கையைப் பொருள்கொள்வது, உண்மையான பங்களிப்பை இனங்காண்பது, அது முழுக்க விலக்கப்பட்ட பொருளுக்குள் அடங்குகிறதா என்று கேட்பது, தொழில்நுட்பத் தன்மை உடையதா என்று சரிபார்ப்பது என்று அத்தீர்ப்பு வகுத்த நான்கு படிச் சோதனையைப் பிரித்தானியக் காப்புரிமை அலுவலகம் பல ஆண்டுகள் கணினி சார்ந்த எல்லா விண்ணப்பங்களுக்கும் பயன்படுத்தியது. தொலைபேசி அட்டையைத் தொட்டே பார்த்திராத மென்பொருள் வழக்கறிஞர்களும் ஏரோடெல் என்ற பெயரை அறிந்திருந்தது இதனால்தான்.

தீர்ப்பில் பேசப்படாத, பேசவேண்டிய தேவையும் இல்லாத ஒன்று, அந்தச் சிறப்பு இணைப்பகத்தின் கணக்கை யார் சரிபார்ப்பது என்பது. மீதி எவ்வளவு என்று கேட்டால் இணைப்பகத்தின் பதிவுக்குரல் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு வேறு சாட்சி கிடையாது.

அமெரிக்கச் சந்தை

இந்த இரண்டாவது வகைக்கு மிகப் பொருத்தமான மண் அமெரிக்கா. அங்கே மின்னணு அட்டையைப் படிக்கும் பொதுத் தொலைபேசிகளை நாடெங்கும் நிறுவ ஒரே நிறுவனம் இல்லை. 1984 ஜனவரியில் நாட்டின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி பிளக்கப்பட்ட பிறகு உள்ளூர்ச் சேவையும் தொலைதூரச் சேவையும் வெவ்வேறு கைகளில் இருந்தன. அதே சமயம், அழைப்பவருக்குக் கட்டணமில்லாத 800 எண்கள் 1967 முதலே இருந்தன. எந்த மூலையிலிருந்தும் எந்த இணைப்பகத்தையும் இலவசமாக எட்டலாம். கருவியை மாற்றாமல் எண்ணை மட்டும் விற்றால் போதும் என்ற நிலை இயல்பாகவே கனிந்திருந்தது.

வெளிநாட்டு அழைப்புகளின் விலையே இந்த வணிகத்தை ஊதிப் பெரிதாக்கியது. ஒரு நாட்டிலிருந்து வரும் அழைப்பைத் தன் நாட்டில் சேர்ப்பிப்பதற்காக இரு நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசி முடிவுசெய்த தீர்வுக் கட்டணங்கள் உண்மைச் செலவைவிட மிக உயரத்தில் நின்றன. 1997 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் நாடுகளின் வருமான நிலைக்கு ஏற்ப நிமிடத்துக்கு 15, 19, 23 சென்ட் என்று உச்சவரம்புகளை விதித்தது. இன்னொரு பக்கம் இணைய நெறிமுறை வழியாகக் குரலை அனுப்பித் தீர்வுக் கட்டணத்தையே சுற்றிக்கொண்டு போகும் வழிகளும் திறந்தன. மொத்த விலை மாதத்துக்கு மாதம் சரிந்த காலத்தில், புலம்பெயர்ந்தோர் வாழும் பகுதிகளின் சிறு கடைகளில் இரண்டு, ஐந்து, பத்து டாலர் அட்டைகள் தொங்கின. கடன் வரலாறோ வீட்டுத் தொலைபேசி இணைப்போ இல்லாதவருக்கு அவை உண்மையிலேயே பெரிய உதவி என்பதை மறுப்பதற்கில்லை. இந்த வணிகத்தைக் குறைகூறிய ஒழுங்குமுறை அமைப்புகளும் அதை மறுக்கவில்லை.

அட்டை விற்பவரிடம் சொந்த வலையமைப்பு இருக்கவேண்டும் என்பதில்லை. ஒருவர் நிமிடங்களை மொத்தமாக வாங்குவார்; இன்னொருவர் இணைப்பகக் கணினியை வாடகைக்கு விடுவார்; மூன்றாமவர் அட்டைக்குப் பெயர் சூட்டி அச்சிடுவார்; நான்காமவர் கடைகளுக்குக் கொண்டுசெல்வார். முகமதிப்பில் கணிசமான பங்கு விநியோகஸ்தருக்கும் கடைக்காரருக்கும் கழிவாகவே போய்விடும். வாங்கியவர் கையில் இருந்ததோ இந்தச் சங்கிலியில் யாரோ ஒருவர் தொடர்ந்து தொழில் நடத்துவார் என்ற நம்பிக்கை மட்டுமே. 1990களில் வேகமாக வளர்ந்த ஸ்மார்டாக் நிறுவனம் 1999 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் சொத்துகளை ஏடி அண்ட் டி வாங்கியதால் அந்த நேர்வு அடங்கியது. வாங்க ஆளில்லாத சிறு நிறுவனங்களின் அட்டைகள் ஒரு காலையில் பதில் சொல்லாமல் போயின.

நிமிடக் கணக்கு

விளம்பரச் சுவரொட்டியில் எழுதிய நிமிடங்களுக்கும் கிடைத்த நிமிடங்களுக்கும் இடையிலான தூரம் எப்படி உண்டாயிற்று என்பதை ஒரு கற்பிதக் கணக்கு தெளிவாக்கும். இரண்டு டாலர் அட்டை. நிமிடத்துக்கு அரை சென்ட். எனவே 400 நிமிடம் என்று சுவரொட்டி சொல்கிறது. பயனர் பத்து நிமிடம் பேசுகிறார்: ஐந்து சென்ட். பேசி முடித்து வைத்ததும் 69 சென்ட் முடிவுக் கட்டணம் கழிகிறது. மறுநாள் இன்னொரு பத்து நிமிடம்: மீண்டும் 74 சென்ட். மீதி 52 சென்ட். வாரம் முடிந்ததும் 49 சென்ட் பராமரிப்புக் கட்டணம். மிஞ்சுவது மூன்று சென்ட். நானூறில் இருபது நிமிடம் பேசியதோடு அட்டை நடைமுறையில் தீர்ந்தது. சுவரொட்டியின் 400 பொய்யன்று என்று விற்றவர் வாதிடலாம்: முதல் அழைப்பிலேயே தொடர்ந்து ஆறரை மணி நேரத்துக்கு மேல் பேசியிருந்தால் கிடைத்திருக்கும்.

இவற்றோடு மூன்று அல்லது ஐந்து நிமிடப் பகுதிகளாக மேல்நோக்கி முழுமையாக்குவதும், பொதுத் தொலைபேசியிலிருந்து அழைத்தால் தனிக் கூடுதல் கட்டணமும் சேர்ந்தன. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நியாயமான வேர் உண்டு. கட்டணமில்லா எண்ணை அழைத்தால் தொலைபேசிக் கூண்டின் உரிமையாளருக்கு எதுவும் கிடைக்காது என்பதால், 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அவருக்கு ஈட்டுத்தொகை வழங்கச் சொன்னது. அது 1999இல் அழைப்புக்கு 24 சென்ட், 2004இல் 49.4 சென்ட். ஆயினும் அட்டை நிறுவனங்களில் பல இதைவிட அதிகமாகவே பயனரிடம் கழித்தன. கட்டணங்கள் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில், சில சமயம் வாங்குபவர் படிக்காத மொழியில், பெரும்பாலும் "கட்டணங்கள் விதிக்கப்படலாம்" என்ற பொதுச் சொற்களில் இருந்தன. எப்போது எவ்வளவு கழிந்தது என்ற பட்டியல் யாருக்கும் அனுப்பப்படவில்லை. மாதக் கட்டண வாடிக்கையாளருக்கு வரும் விவர அறிக்கைகூட முன்பணம் கட்டியவருக்கு இல்லை என்பது இந்த வணிகத்தின் விசித்திரம்.

பெரிய நிறுவனமும் பதிவேட்டைத் தன் வசதிக்கு விளக்கிக்கொண்டது. ஏடி அண்ட் டி தன் அட்டைகளில் அழைப்பு இணையும் முன் ஒரு விளம்பரச் செய்தியை ஒலிக்கச் செய்து, செய்தியும் சேர்ந்திருப்பதால் இது தொலைத்தொடர்புச் சேவை அன்று, தகவல் சேவை என்று வாதிட்டது. அப்படியானால், தொலைபேசி எல்லோருக்கும் எட்டும்படி நிறுவனங்கள் பணம் போடும் பொதுச் சேவை நிதிக்குப் பங்களிக்க வேண்டியதில்லை. ஒரே மாநிலத்துக்குள் பேசினாலும் அழைப்பு வேறு மாநிலத்திலுள்ள கணினி வழியாகச் செல்வதால், உள்ளூர் நிறுவனங்களின் இணைப்பைப் பயன்படுத்துவதற்கான உள்மாநில அணுகல் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை என்றது. அந்நிறுவனமே வெளியிட்ட கணக்குப்படி, இவ்வழியில் அது பொதுச் சேவை நிதிப் பங்களிப்பில் சுமார் 16 கோடி டாலரும் அணுகல் கட்டணத்தில் சுமார் 34 கோடி டாலரும் மிச்சப்படுத்தியிருந்தது. 2005 பிப்ரவரியில் தகவல்தொடர்பு ஆணையம் இரு வாதங்களையும் நிராகரித்தது. பேச விரும்பும் பயனர் விளம்பரம் கேட்பதற்காக அட்டை வாங்குவதில்லை. அழைப்பின் இரு முனைகள் எங்கே இருக்கின்றன என்பதே அதன் இயல்பை முடிவுசெய்யும். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் இதை உறுதிசெய்தது. இங்கே இழப்பு வாங்கியவருக்கன்று, பொது நிதிக்கும் உள்ளூர் நிறுவனங்களுக்கும். ஆனாலும் அழைப்பின் விவரம் நிறுவனத்தின் கணினியில் மட்டுமே இருந்ததால் எழுந்த வழக்கு என்ற வகையில் இதுவும் அதே குடும்பம்.

தண்டனையும் அதன் எல்லையும்

கலிஃபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ் முதலிய மாநிலங்கள் கட்டணங்களைத் தெளிவாக அச்சிடவேண்டும் என்று விதி செய்தன. கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் இதே நோக்கில் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் சட்டமாகவில்லை. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தன் பொது அதிகாரத்தைக்கொண்டு 2008இல் ஆல்டர்னடெல், கிளிஃப்டன் டெலிகார்டு அலையன்ஸ் ஆகிய விநியோக நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. ஆணையம் செய்தது மிக எளிய சோதனை: அட்டைகளைக் கடையில் வாங்கிப் பேசிப்பார்த்தது. விளம்பரப்படுத்திய நிமிடங்களில் சராசரியாக ஏறக்குறைய பாதியே கிடைத்தது. ஆல்டர்னடெல் வழக்கு 22.5 லட்சம் டாலர் தொகைக்குச் சமரசமாயிற்று. ஜப்பானில் அட்டையை ஆய்வகத்தில் காந்தவியல் முறையில் ஆராய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அட்டையை ஆராய்வதற்கு அதில் எதுவும் இல்லை, பேசித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

2011 முதல் தகவல்தொடர்பு ஆணையமும் களத்தில் இறங்கியது. லோகஸ், லைகா டெல், டச்-டெல், நோபல்டெல், சிம்பிள் நெட்வொர்க், எஸ்டிஐ டெலிகாம் என்ற ஆறு நிறுவனங்களுக்கும் தலா 50 லட்சம் டாலர் அபராதம் முன்மொழியப்பட்டு, 2015 அக்டோபரில் மொத்தம் மூன்று கோடி டாலர் என உறுதிசெய்யப்பட்டது. சில டாலர் அட்டைக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நிமிடங்களை வாக்களித்துவிட்டு, ஒரே அழைப்பில் பல மணி நேரம் பேசினாலன்றி அவற்றை எட்ட முடியாதபடி கட்டணங்களை அமைத்திருந்தன என்பதே குற்றச்சாட்டு. முன்மொழிவுக்கும் உறுதிசெய்தலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் சந்தையே சுருங்கிவிட்டது. அபராதம் கருவூலத்துக்குச் செல்வது. இருபது நிமிடம் பேசி அட்டையை வீசியவருக்கு அதனால் கிடைத்தது எதுவுமில்லை. அவர் யார் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. பெயர் கேட்காமல் விற்பது இந்த அட்டையின் சிறப்பாகச் சொல்லப்பட்டது. நட்ட ஈடு என்று வரும்போது அதுவே தடையாயிற்று.

இதற்கிடையே எண் அட்டையின் தர்க்கம் கைபேசிக்குக் குடிபெயர்ந்தது. போர்ச்சுகலின் டிஎம்என் நிறுவனம் 1995இல் மிமோ என்ற முன்கட்டணக் கைபேசிச் சேவையை வெளியிட்டது. சுரண்டிப் பார்க்கும் எண்ணை அழுத்தினால் வலையமைப்பின் கணினியில் தொகை ஏறும் முறை உலகெங்கும் வழக்கமாயிற்று. கைபேசியில் மீதி நிறுவனத்தின் கணினியிலேயே இருந்தபோதிலும், முன்சொன்ன அளவுக்கு மோசடி பெருகாததற்குக் காரணங்களைத் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை: விற்பவர் உரிமம் பெற்ற, முகவரியுள்ள நிறுவனம், வாங்குபவர் மாதக்கணக்கில் அதே எண்ணில் இருப்பவர், ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் மீதி திரையில் தெரியும். பெயர் மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு டாலர் அட்டைக்கு இந்த மூன்றுமே இல்லை.

முதல் வகை அட்டைகளின் இன்றைய நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரான்சிலும் பிரித்தானியாவிலும் அவை சேகரிப்பாளர்களின் தொகுப்பேடுகளில் மட்டுமே மதிப்புடையவை. ஜப்பானில் அவற்றுக்குக் காலாவதித் தேதி விதிக்கப்படவில்லை. பச்சை நிறப் பொதுத் தொலைபேசி கண்ணில் பட்டால் 1980களில் வாங்கிய அட்டையை இன்றும் செருகிப் பேசலாம். ஒரு துளையும் விழாத அட்டையாக இருந்தால், அட்டைக்குச் சிறு கட்டணம் கழித்துக்கொண்டு, என்டிடியின் தரைவழித் தொலைபேசிக் கட்டணத்தில் அதன் மதிப்பை வரவு வைத்துக்கொள்கிறார்கள்.